ஒடுங்கிய படகில் ஓர் இளவேனிற் பகல்

இந்தியச் சமவெளிகளில் வெயில் கொளுத்தும் சித்திரைத் திங்களில் இங்கிலாந்தில் இளவேனில் நிகழ்கிறது. கரையோரப் புதர்கள் தளிர்க்கின்றன. வாத்துகள் குஞ்சுகளுடன் நீந்துகின்றன. அந்நாட்டின் கால்வாய்களில் படகு செலுத்த இதனினும் ஏற்ற பருவம் இல்லை.

அப்படகின் பெயர் நாரோபோட்; ஒடுங்கிய படகு என்பது அதன் பொருள். நீளம் 70 அடி வரை இருக்கும். அதாவது நம் ரயில் பெட்டி ஒன்றின் நீளம். அகலமோ 7 அடிதான். பின்புறம் நின்று சுக்கான் பிடியை வலப்புறம் தள்ளினால் படகு இடப்புறம் திரும்பும். மணிக்கு 4 மைலுக்கு மேல் செல்லலாகாது. விரைந்தால் எழும் அலை கரை மண்ணை அரித்துவிடும். ஆகவே, கரையில் விரைந்து நடப்பவர் படகை முந்திச் செல்வதும் உண்டு.

ஆக்ஸ்போர்டு கால்வாயை எடுத்துக்கொள்வோம். வடக்கே கவென்ட்ரி பக்கத்திலிருந்து தோண்டப்பட்டு, 1790ஆம் ஆண்டில் இது ஆக்ஸ்போர்டு நகரை எட்டியது. மேட்டை வெட்டினால் செலவு மிகும் என்பதால், ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர் நிலத்தின் ஒரே மட்டத்தைப் பின்பற்றி வழி வகுத்தார். அதனால் கால்வாயின் உச்சிப்பகுதி 11 மைல் நீளம் வளைந்து வளைந்து செல்கிறது; நேர்க்கோட்டில் அளந்தால் அத்தொலைவு 5 மைலும் இராது!

மட்டம் மாறும் இடங்களில் நீர்ப்பூட்டு உண்டு. ஆங்கிலேயர் இதனை 'லாக்' என்பர். இது இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட நீண்ட தொட்டி. மேலேற வேண்டிய படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவுகளைச் சாத்துவர். இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி மேற்புறத்து மதகைத் திறந்தால் நீர் பாய்ந்து தொட்டியை நிரப்பும். படகும் உடன் உயரும். இருபுறமும் நீர்மட்டம் சமமான பின்னரே மேற்கதவு திறக்கும். அதுவரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. நேப்டன் என்னும் ஊரருகே இத்தகைய பூட்டுகள் ஒன்பது உள்ளன.

இன்று ஓய்வுக்காகச் செல்லும் இவ்வழியில் முற்காலத்தில் நிலக்கரி சென்றது. குதிரைகள் கரையில் நடந்து, கயிற்றால் படகுகளை இழுத்தன. ரயில் வந்தபின் படகோட்டிகளின் வருவாய் குறைந்தது. வீட்டு வாடகை கொடுக்க இயலாத பலர் குடும்பத்துடன் படகிலேயே குடியேறினர். சரக்கு போக எஞ்சிய இடம், பின்புறத்தில் ஏறத்தாழ 10 அடி நீளமுள்ள ஒரே அறை. சமையலும் உறக்கமும் அதற்குள்ளேதான். பிள்ளைகள் குதிரையை நடத்தினர், பூட்டுகளைத் திறந்தனர். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்பதால் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. படகுப் பிள்ளைகளின் கல்விக்கென 1884இல் சட்டத்தில் வழி செய்தும், பலர் எழுத்தறியாமலே வளர்ந்தனர். பெற்றோரின் பணிமாற்றத்தால் பள்ளி மாறிய மாணவர் உங்களுள்ளும் இருப்பர். புதிய வகுப்பில் முதல் நாள் அமர்ந்திருப்பது எப்படி என்பதை அவர்கள் அறிவர். படகுப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபோதெல்லாம் அவர்களுக்கு அது முதல் நாளாகவே இருந்தது.

மாலையில் இரும்பு முளையைக் கரையில் அடித்துப் படகைக் கட்டிய பின், பயணிகள் அருகிலுள்ள பழைய பாலத்தைக் காணச் செல்வர். அதன் விளிம்பில் இழுவைக் கயிறு உரசி உரசி உண்டான தடங்கள் இன்றும் உள்ளன. விரல் புதையும் அளவுக்கு ஆழமானவையும் அவற்றுள் உண்டு.