மண்டிக் கணக்கும் குடியானவர் கவனமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துச் சிறு பட்டணங்களிலிருந்த மண்டிக்காரர், குடியானவருக்குப் பலவிதத்திலும் உதவினர். சாகுபடிக்கு முன்பணமும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும், வீட்டுக்கு உப்பும் மண்ணெண்ணெயும் ஜவுளியும் கடனாகக் கிடைத்தன. பருத்தியும் நிலக்கடலையும் ஏற்றி வந்த வண்டிக்கு இடமும், மூட்டைக்குக் கிடங்கும் உண்டு.

ஆயினும் இவ்வுதவிகள் இலவசமல்ல. கடன் பட்டவர் சரக்கை அம்மண்டியிலேயே விற்க வேண்டியதாயிற்று. தரகரும் வாங்குவோரும் துணியின் மறைவில் விரல்களைத் தொட்டு விலை பேசுவதுண்டு. சரக்குக்குரியவர் அதனை அறியார். தரகு, நிறுவைக் கூலி, மகமை, மாதிரி எனப் பிடித்தங்கள் பல. நிறையும் ஒரே அளவினதன்று: சென்னை மணங்கு 25 ராத்தல், ரயில்வே மணங்கோ 82 ராத்தலுக்குச் சற்று அதிகம்.

1928-இல் விவசாய ராயல் கமிஷன் ஒழுங்குபட்ட சந்தைகளைச் சிபாரிசு செய்தது. 1933-இல் சென்னை வர்த்தகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பெற்றது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு அத்தகைய சந்தை ஏற்பட்டது. தரகரும் நிறுப்போரும் லைசென்சு பெறவேண்டுமென்பதும், பிடித்தங்களுக்கு வரம்பு உண்டென்பதும் இம்முறையின் சாரம்.

மண்டிக்காரர் அனைவரும் வஞ்சகரல்லர்; மழை பொய்த்த ஆண்டில் பிறர் கொடாத கடனைக் கொடுத்தவரும் அவரே. கடன் கொடுப்பதும், நிறுப்பதும், விலை தீர்ப்பதும் ஒருவர் கையிலேயே இருந்தமைதான் குறை. ஆகவே சரக்கு விற்போர் நிறை, விலை, பிடித்தம் மூன்றையும் தனித்தனியே குறித்த சீட்டைத் தவறாது பெறுதல் நலம். கிராம அதிகாரிகளும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.