வீடே முதற் புகலிடம்

தந்தையை இழந்த ஏழைக் குழந்தை ஒன்று. தாய் கூலி வேலை செய்கிறாள். இரண்டு வேளை அடுப்பு எரிவதே அரிதாகிறது. "பிள்ளையை ஏதேனும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிடு, சோறும் படிப்பும் கிடைக்கும்" என்று அயலார் கூறுவர். நல்லெண்ணத்தால் கூறுவதே ஆயினும், அது சரியான அறிவுரைதானா? குழந்தைகளைக் காக்க அரசு செய்துள்ள ஏற்பாடுகளை அறிய இவ்வினாவிலிருந்தே தொடங்குவோம்.

குழந்தைகளைக் காப்பது அரசின் கடமை என்னும் கொள்கையை ஏற்றுத் தனிச் சட்டம் இயற்றிய முதல் இந்திய மாகாணம் சென்னையே. ஆண்டு 1920. வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும் அவ்வழியைப் பின்பற்றின. குற்றம் புரிந்த சிறுவரைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் தனிப் பள்ளிகளில் வைத்துத் திருத்த வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் தலையாயது. அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும், அதன் கை குழந்தையை நோக்கி நீண்டதேயன்றிக் குடும்பத்தை நோக்கி நீளவில்லை.

1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிற்று. பெண் சிசுக்கள் கொல்லப்படும் கொடுமையைத் தடுக்க, வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்றனர். அது உயிர்களைக் காத்தது. ஆனால் அங்கும் தாயும் சேயும் பிரிந்த பின்னரே அரசின் துணை தொடங்கியது. பிரியாமலே காக்க வழியில்லையா என்ற கேள்வி எஞ்சி நின்றது.

2015-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே உரியது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் அச்சட்டத்தின் அடிப்படை நெறிகள்.

அந்நெறிகளைச் செயற்படுத்துவது குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். காவலர், மருத்துவர், செவிலியர், பொதுநலம் நாடும் எவரும் ஒரு குழந்தையை இக்குழுவின் முன் கொண்டுவரலாம்; குழந்தை தானாகவும் வரலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது விதி. குழு உடனே தீர்ப்புக் கூறிவிடுவதில்லை. குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தரச் செய்கிறது. வறுமை காரணமாகப் பிள்ளையை ஒப்படைக்க வரும் பெற்றோருக்கும் ஆலோசனை கூறி, மனம் மாற இரண்டு மாத அவகாசம் தருகிறது.

வெறும் அவகாசம் வயிற்றை நிரப்புமா? நிரப்பாது. ஆகவேதான் நிதி ஆதரவு என்னும் ஏற்பாடு உள்ளது. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், 2022-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் அளிக்கப்படுகிறது. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்வோர், கொடிய நோயாலோ விபத்தாலோ முடங்கியவர்களின் பிள்ளைகள் இதற்கு உரியவர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படலாகாது. நாம் முதலில் கண்ட தாய்க்கு வழி இதுவே. பிள்ளையை விட்டுப் பிரியாமலே அவனைப் படிக்கவைக்கலாம்.

குடும்பத்துக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? இல்லத்தில் உணவும் உடையும் குறைவின்றிக் கிடைக்கலாம். ஆனால் பணியாளர் முறை மாறி வருவர், போவர். நள்ளிரவில் காய்ச்சலால் விழிக்கும் குழந்தையின் நெற்றியைத் தொடும் கை நேற்றைய கையாக இராது. பதினெட்டு வயது நிறைந்து வெளியேறும்போது, "என் வீடு" என்று செல்ல ஓரிடம் வேண்டுமன்றோ?

அதனால் இல்லங்களே வேண்டா என்பதன்று. வீட்டிலேயே அடியும் கொடுமையும் நிகழுமானால் அவ்வீடு புகலிடமாகாது. அங்கிருந்து குழந்தையை மீட்பதே அறம். உற்றார் எவருமற்ற குழந்தைக்கு வளர்ப்புக் குடும்பமும் தத்தெடுப்பும் உள்ளன. வறுமை வேறு, கொடுமை வேறு. வறுமைக்கு மருந்து உதவியேயன்றிப் பிரிவன்று.

மாணவர்களே! சட்டமும் பணமும் இருந்தும் பயன் சேராமைக்கு முதற்காரணம் அறியாமை. அகரவரிசையில் இறப்புச் சான்றும் வருமானச் சான்றும் எங்கே பெறுவது என அறியாத தாய்மார் பலர். படித்த நீங்கள் அவர்களுக்காக ஒரு விண்ணப்பம் எழுதலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வழிகாட்டலாம். ஆபத்திலுள்ள குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உங்கள் வகுப்பில் ஓரிடம் சில நாட்களாக வெறுமையாக இருந்தால், "ஏன் வரவில்லை?" என்று அவ்வீடு சென்று கேளுங்கள். பல குழந்தைகளுக்கு உதவி வந்து சேர்வது அந்த ஒரு கேள்வியாலேதான்.