சயந்தன் கேட்ட கேள்வி

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் வீட்டு முற்றத்து மாமர நிழலில் உயர்தர வகுப்பு மாணவர் ஐவர் அமர்ந்து கடும் வாதம் புரிந்துகொண்டிருந்தனர். தமிழ் பாடத்தில் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வந்தவர்கள் அவர்கள். ஐயம் தீர்ந்ததும் வீடு செல்வார்கள் என்று எண்ணி நான் தேநீர் வைக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அசுவத்தாமன், கர்ணன், உத்தரை, காண்டீபம் என்ற சொற்கள் செவியில் விழுந்தன. பாரதம் படிக்கிறார்களே என்று மகிழ்ந்து அருகில் சென்றேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது ஒரு சினிமாப் படத்தைப் பற்றி!

நாக் அசுவின் இயக்கி 2024ஆம் ஆண்டு ஜூன் 27ஆந் திகதி வெளியான ‘கல்கி 2898 ஏடி’ என்பதே அப்படம். தெலுங்கிலே எடுக்கப்பெற்றுத் தமிழ்க் குரலோடும் வந்தது. பிள்ளைகளின் வற்புறுத்தலால் நானும் பின்னர் அதைப் பார்த்தேன். குருக்ஷேத்திரப் போரின் முடிவிலே கதை தொடங்குகிறது. உத்தரையின் கருவை அழிக்க அத்திரம் விடுத்த அசுவத்தாமனைக் கண்ணபிரான் சபிக்கின்றார். சாவின்றி அலைந்து, கலியின் முடிவிலே மற்றொரு கருவைக் காத்துப் பழி தீர்க்கும்படி பணிக்கின்றார். அதன்பின் ஒரே தாவலில் கி.பி. 2898க்கு வந்துவிடுகிறோம். உலகில் எஞ்சியிருப்பது காசி ஒன்றுதான். நீரும் பசுமையும் அற்ற அந்நகரின் மேலே, தலைகீழாய்க் கவிழ்ந்த கூர்ங்கோபுரம் போல ‘கொம்பிளெக்ஸ்’ என்றொரு மாளிகை மிதக்கிறது. கீழேயுள்ள வளம் எல்லாம் அங்கே போய்ச் சேர்கின்றது. அதனை ஆளும் யாஸ்கின் என்பவன் கருவுற்ற பெண்களின் கருவிலிருந்து சாரம் எடுத்துத் தன் ஆயுளை நீட்டப் பார்க்கிறான். அங்கிருந்து தப்பிய சுமதி என்னும் கர்ப்பிணியைக் காக்க முதியவன் அசுவத்தாமன் வருகிறான். காசுக்காக அவளைப் பிடிக்கப் பைரவன் என்னும் கூலிவீரன் வருகிறான். முடிவிலே, அந்தப் பைரவனே மறுபிறப்பெடுத்த கர்ணன் என்று காட்டித் திரையை மூடிவிடுகிறார்கள்.

படம் அங்கே முடிகிறது. பிள்ளைகளின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. சொல்லாமல் விட்ட முன்கதையை ஆளுக்கொரு விதமாகக் கட்டி எழுப்புகிறார்கள்.

ஊகங்களின் அரங்கேற்றம்

“2898 எண்ட கணக்கு எங்கையிருந்து வந்தது, சேர்?” என்று ஒருவன் என்னையே மடக்கினான். பஞ்சாங்க மரபின்படி கலியுகம் கி.மு. 3102இல் தொடங்கியது; அதனோடு 2898ஐக் கூட்டினால் சரியாக 6000 ஆண்டு என்றேன். உடனே மற்றொருவன், “புராணத்திலை கலியுகம் நாலு லட்சத்து முப்பத்தீராயிரம் வருசம் எல்லோ? ஆறாயிரத்திலை கல்கி எப்பிடி வரலாம்?” என்றான். கேள்வி நியாயமானது. நானும் விட்டுக்கொடுக்காமல் இன்னுமொரு முடிச்சைப் போட்டேன். வியாச பாரதத்துச் சௌப்திக பருவத்திலே அசுவத்தாமனுக்கு விதிக்கப்பட்ட அலைச்சல் மூவாயிரம் ஆண்டுதான். படத்தின் கணக்கையே கொண்டால் அத்தண்டனை கிறிஸ்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். அவரைச் சிரஞ்சீவிகள் எழுவரில் ஒருவராக வைத்து எண்ணும் மற்றொரு மரபும் உண்டு. படம் எடுத்தவர் இரண்டாவது மரபின் பக்கம் சாய்ந்தார் போலும்.

கர்ணனைப் பற்றிய வாதம் இதனினும் சுவையானது. பாரதத்தின் இறுதிப் பருவத்திலே கர்ணன் சூரியனோடு கலந்துவிடுகிறான். கலந்தவன் மீண்டும் பிறப்பது எவ்வாறு? இங்கே நம் வில்லிபுத்தூரார் துணைக்கு வருகின்றார். பதினேழாம் நாட் போரிலே சாய்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணனாய் வந்து புண்ணியத்தை யாசிப்பதும், அவன் குருதியால் அதனைத் தாரை வார்ப்பதும், வேண்டும் வரம் கேள் என்றபோது, பிறவி வாய்க்குமானால் இரப்பவர்க்கு மறுக்காத மனம் வேண்டுமென்று கேட்பதும் தமிழ்ப் பாரதம் நமக்குத் தந்த காட்சி. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தின் வழியாக அதனை அறிந்தவர் இன்னும் பலர். ஆகவே தமிழ் படித்தவனுக்குக் கர்ணனின் மறுபிறப்பு வியப்பாகாது. வியப்பாவது வேறொன்று. மறுக்காத மனம் கேட்டவன், ஒரு காசும் விடாமல் கணக்குப் பார்க்கும் கூலிவீரனாகப் பிறந்தது ஏன்?

இதற்கு அந்த ஐவரில் மிகக் குறைவாகப் பேசும் மாணவி ஒருத்தி சொன்ன விடை என்னைக் கவர்ந்தது. “அவன் தன்ரை புண்ணியம் முழுக்கக் குடுத்திட்டான் எல்லோ, சேர். ஒண்டுமில்லாமல் பிறந்தவனுக்குக் குடுக்கிறதுக்கு என்ன இருக்கும்?” என்றாள். இயக்குநர் இவ்வாறு எண்ணினாரோ அறியேன். ஆயினும் நூலில் உள்ளதை ஆதாரமாகக் கொண்டு, விளங்காத இடத்தை விளக்கி, பிற இடங்களைச் சிதைக்காமல் நிற்கிறது அவ்விடை. நல்ல உரைகாரர் செய்யும் பணி வேறென்ன?

எல்லா ஊகங்களும் இத்தரத்தன அல்ல. யாஸ்கின் என்பவன் கலிபுருடனே என்று ஒருவன் சாதித்தான். நிருக்தம் செய்த யாஸ்கரின் பெயர் ஏன் அவனுக்கு வந்தது என்று நான் கேட்டதும், அரை நிமிடத்திலே அதற்கும் ஒரு கதை கட்டிவிட்டான். கல்கி புராணத்திலே கல்கியின் தாய் சுமதி, தந்தை விஷ்ணுயசர், ஊர் சம்பளம். படத்தில் தாயும் ஊரும் உண்டு, தந்தை எங்கே? அவ்வெற்றிடத்தில் பைரவனை அமர்த்தி வைத்தான் மற்றொருவன். பெயரொலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாளிகை கட்டுவது ஆராய்ச்சியாகாது என்று இருவரையும் கண்டித்தேன். ஆயினும் உள்ளூர மகிழ்ச்சிதான். பரீட்சைக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒரு வரி படிக்காத பிள்ளைகள், இவ்வாதத்துக்காக வில்லிபாரதத்தைக் கேட்டு வாங்கிச் சென்றனர்.

புராண படனம் கேட்டவர்கள்

இது நமக்குப் புதிதா? யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராண படனம் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லையென்றே சொல்வார்கள். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். பத்தாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து பாடல்கள் கொண்ட அப்பெருநூல் மாதக்கணக்கில் படிக்கப்பெறும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நமது வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டழைத்தது காரணத்தோடுதான்.

என் தந்தையார் எங்கள் ஊர்க் கோயிலிலே பயன் சொன்னவர். சிறுவனாய் அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். அசுர காண்டம் நடக்கும். சூரபன்மன் ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் பெற்றுத் தென்கடலிலே வீரமகேந்திரபுரியை அமைத்துவிட்டான். தேவர்கள் அவனுக்கு ஏவலாளராகிக் கடல்மீனைப் பிடித்துச் சுமக்கிறார்கள். இந்திரன் சீகாழியிலே மூங்கிலாய் மறைகிறான். அவன் மகன் சயந்தன் சிறையில் வாடுகிறான். மேலே ஒரு மாளிகை, கீழே சுமை சுமக்கும் கூட்டம்: 2898ஆம் ஆண்டுக் காசிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

அப்போது, பகலெல்லாம் புகையிலைத் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வந்த முதியவர் ஒருவர், “அது சரி ஐயா, தேவர்கள் அப்பிடி என்ன பிழை செய்தவை?” என்று கேட்டார். “பொறும். தக்க காண்டத்திலை வரும்,” என்றார் தந்தையார். அதற்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன. அத்தனை நாளும் வயலிலும் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் ஊரவர் அதற்குக் காரணம் கற்பித்துக்கொண்டு திரிந்தனர். எங்கள் வீட்டுத் திண்ணையில் மட்டும் நான்கைந்து காரணங்களைக் கேட்டேன்.

கந்தபுராணத்தின் அமைப்பிலே உள்ள நுட்பம் இது. போர் முடிந்து, சூரன் மாமரமாய் நின்று பிளவுண்டு சேவலும் மயிலும் ஆகி, தேவர் சிறை மீண்டு, எல்லாம் சுபமாய் முடிந்த பின்னரே முன்கதை வருகின்றது. சிறையிலிருந்து மீண்ட சயந்தன் தேவகுருவாகிய வியாழனை அணுகி, நாங்கள் இத்துணைத் துன்பம் உழந்தது ஏன் என்று கேட்கிறான். தக்கன் சிவனை இகழ்ந்து செய்த வேள்வியிலே நீங்களெல்லாம் சென்று அமர்ந்து அவியுண்டீர்கள். அதன் பயன் இது என்கிறார் குரு. அவ்வேள்விச் சாலையிலே ததீசி முனிவர் எழுந்து தக்கனைக் கண்டித்து வெளியேறினார். ஏனையோர் வாய் திறவாதிருந்தனர்.

வெற்றி கிடைத்துவிட்டது, இனி ஏன் பழங்கதை என்று சயந்தன் இருந்துவிடவில்லை. குருவும், அதெல்லாம் இப்போது எதற்கு என்று அவன் வாயை அடைக்கவில்லை.

மற்றொரு முன்கதை

பொழுது சாய்ந்தது. மற்றவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். கர்ணனைப் பற்றி விடை சொன்ன மாணவி மட்டும் படலையடியில் தயங்கி நின்றாள்.

“சேர், அந்தப் படத்திலை உலகம் ஏன் அப்பிடிப் போச்சுது எண்டு விவரமாய்ச் சொல்லேல்லை. அதைப் பற்றி நாங்கள் எவ்வளவு கதைக்கிறம்! எங்கடை காணி வலிகாமம் வடக்கிலை. தொண்ணூறாம் ஆண்டு அங்கையிருந்து வெளிக்கிட்டவை எண்டு மட்டும் தெரியும். எப்பிடி வெளிக்கிட்டவை, ஆர் ஆர் கூட வந்தவை, பெரியப்பா எங்கை எண்டு கேட்டால் அப்பம்மா, ‘அதெல்லாம் ஏன் பிள்ளை இப்ப’ எண்டுபோட்டு அடுப்படிக்குப் போயிடுவா.”

நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அந்த அப்பம்மாவைப் போலத்தானே நானும் இருந்து வந்தேன்?

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது நானும் நடந்தேன். தாயாரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். மழை பெய்தது. ஓரடி வைக்கச் சில சமயம் பத்து நிமிடம் ஆயிற்று. தந்தையார் ஓரங்களிலே பயன் குறித்து வைத்திருந்த கந்தபுராணப் பிரதியை வீட்டுப் பரணிலே விட்டுவந்தேன். திரும்பிச் சென்றபோது பரணும் இல்லை, கூரையும் இல்லை. மீசாலையிலே ஒரு பாடசாலைத் திண்ணையில் நாங்கள் இருந்த நாட்களை என் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட முழுமையாகச் சொன்னதில்லை. 1981இலே நூலகம் எரிந்த மறுநாட் காலை, சாம்பல் பறந்த வீதியில் நின்றவன் நான். வகுப்பிலே அந்த நூலகத்தின் கட்டடச் சிறப்பைச் சொல்லியிருக்கிறேன், அக்காலையைச் சொன்னதில்லை.

மௌனத்துக்குக் காரணம் உண்டு. சொன்னால் நோகும். சிலவற்றைச் சொல்ல அச்சமும் உண்டு. பிள்ளைகளாவது பாரமின்றி வளரட்டும் என்ற அன்பும் உண்டு. ஆனால் நாம் சொல்லாது விட்ட இடம் வெறுமையாய் இருப்பதில்லை என்பதை அன்று உணர்ந்தேன். படத்திலே கலைஞன் வேண்டுமென்று விட்ட இடைவெளியை ஊகத்தால் நிரப்புவது இன்பமான விளையாட்டு. பிழைத்தாலும் ஒருவருக்கும் கேடில்லை. வாழ்விலே பெரியவர்கள் விட்ட இடைவெளியை எவர் உரத்துப் பேசுகிறாரோ அவர் வந்து நிரப்பிவிடுகிறார். அரைகுறைச் செய்தியும் கட்டுக்கதையும் கைத்தொலைபேசி வழியே வந்து குவிகின்றன. யாஸ்கின் பெயருக்கு அரை நிமிடத்தில் கதை கட்டிய அதே கெட்டித்தனம், தன் ஊரின் கதையையும் அரை நிமிடத்தில் கட்டிவிடும். கண்டவர் இருக்கும்போது கண்டதைச் சொல்லாவிட்டால், பிறகு அதனைத் திருத்த ஆரிருப்பார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வியாழபகவான் சொன்ன விடையை எங்கள் துன்பத்துக்குப் பொருத்தி, எவரோ உண்ட அவியின் பழி என்று தீர்ப்பு வழங்க நான் துணியேன். பிள்ளைகளை இழந்தவர்களிடம் அவ்வாறு பேசுவது கொடுமை. அந்தக் காட்சியிலிருந்து நான் கொள்வது, துன்பம் அனுபவித்த இளையவன் கேட்டான், அறிந்த முதியவர் இருந்து ஆறுதலாகச் சொன்னார் என்ற அவ்வளவே. ஆசிரியர்களாகிய நாம் புராணத்துக்குப் பயன் சொல்லக் கற்றோம்; காப்பியத்துக்குப் பொருள் சொல்லக் கற்றோம். நம் கண்முன் நடந்ததற்குப் பயன் சொல்ல அஞ்சுகிறோம். கண்டது இது, கேட்டது இது, எனக்குத் தெரியாதது இது என்று பிரித்துச் சொல்லப் பழகினால் அதுவே பெரிய கல்வியாகும். பிள்ளைகள் ஊகிக்கட்டும், ஊகத்தை நிறுத்துப் பார்க்க ஒரு மூலபாடம் அவர்கள் கையில் இருக்க வேண்டாமா?

அடுத்த ஞாயிறு அவர்கள் ஐவரும் வந்தனர். அன்று பாடம் நடத்தவில்லை. நாவற்குழிப் பாலத்து இரவைச் சொன்னேன். இடையிலே இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது, அவர்கள் பொறுத்திருந்தனர். முடிந்ததும் அந்த மாணவி, 1990இலே தன் ஊரவர் எந்தப் பாதையால் வந்திருப்பார்கள் என்று கேட்டாள். அது எனக்குத் தெரியாது, உன் அப்பம்மாவுக்குத்தான் தெரியும் என்றேன்.

“அப்ப அடுத்த கிழமை அவவையும் கூட்டிக்கொண்டு வாறன், சேர். உங்களோடை எண்டால் கதைப்பா,” என்றாள்.

சாய்மனைக் கதிரை ஒன்றை மாமரத்தடியில் இப்போதே எடுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.