லாரி திடீரென்று இழுக்க மறுப்பது ஏன்?

மல்லாபூர் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றி வரும் நம் ஊர் டிரைவர்களுக்குப் பெரிய தலைவலி, வந்து வந்து போகும் கோளாறுதான். நாமக்கல்லில் இருந்து நன்றாக வந்த லாரி, மேட்டில் திடீரென்று இளைக்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. பத்து நிமிடம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பட்டறையில் காட்டும்போதோ கோளாறு இருக்காது. தாமதத்துக்கு டிரைவர் சாக்குச் சொல்கிறார் என்ற பழிதான் மிஞ்சும். முந்திச் செல்லும்போது இளைத்தால் உயிருக்கே ஆபத்து.

உடனே பம்பையும் நாசிலையும் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. அது கடைசி வேலை, செலவும் அதிகம். முதலில் கண்ணாடியில் புகையைப் பாருங்கள். இழுவை குறையும்போது கரும்புகை தள்ளினால் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், டர்போ ஓஸ் கிழிந்திருக்கலாம். புகையே இல்லையென்றால் பெரும்பாலும் டீசல் சரியாகப் போய்ச் சேரவில்லை.

நிறுத்தினால் சரியாகிறது என்பதும் நல்ல துப்பு. டேங்கில் காற்றுப் போகும் துவாரம் அடைபட்டால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகும்; பம்பால் உறிஞ்ச முடியாது. இளைத்ததும் வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்து, வண்டியும் தேறினால் குற்றவாளி மூடிதான்! டேங்கினுள் கிடக்கும் துணியோ பிளாஸ்டிக் துண்டோ குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் நின்றதும் விலகிவிடுவதும் உண்டு. டீசல் பில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் வடித்துப் பார்க்க வேண்டும். டீசல் குழாயில் காற்று புகுகிறதோ என்ற சந்தேகம் இருந்தால், நடுவில் கண்ணாடி போன்ற ஓஸை மாட்டினால் குமிழி தெரிந்துவிடும்.

புது வண்டிகளின் கதை வேறு. ஆக்சிலேட்டர் மிதியில் இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் சொல்வது பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும். பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் கோளாறு வந்தால் ஒயரையும் கனெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி வந்த லாரிகளில் யூரியா கரைசல் தீர்ந்தாலும், அதில் தண்ணீர் கலந்தாலும் இதே கதிதான். ஸ்கேனர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் முன் அழிக்க விடாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் இடம், நேரம், லோடு, டேங்கில் இருந்த டீசல், புகையின் நிறம் ஆகியவற்றை டிரிப் நோட்டில் எழுதுங்கள். புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா யாராவது தெலுங்கில் எடுத்துச் சொன்னால், இங்குள்ள மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. முதலாளியிடம் காட்டவும் அதுவே ஆதாரம்.