கூடாரத்துக்குள் கம்பெனி

கொல்கத்தாவின் நூற்றாண்டு கண்ட கால்பந்து கிளப்புகளுக்குப் புதிய முதலாளிகள் வந்தார்கள். பணம் வந்தது. கூடவே, கையெழுத்து யாருடையது என்ற சண்டையும் வந்தது.

2021 ஜூலை 21 அன்று கொல்கத்தா மைதானில் உள்ள ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் வாசலில் ரசிகர்கள் திரண்டார்கள். அவர்களது கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: கையெழுத்துப் போடு. ஸ்ரீ சிமெண்ட் நிறுவனத்துடனான இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் கிளப் நிர்வாகிகள் மாதக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகிகளுக்கு ஆதரவாக நின்ற மற்றொரு கூட்டமும் அங்கே இருந்தது. வாய்ச்சண்டை கைகலப்பாக மாறியது. போலீஸ் தடியடி நடத்தியது.

தன் கிளப்பைக் கம்பெனியிடம் ஒப்படைக்கச் சொல்லி ரசிகன் தடியடி வாங்குவது விநோதம்தான். அதைவிட விநோதம், அதே மைதானில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த மோகன் பகான் கிளப்பின் ரசிகர்கள் நேர் எதிரான கோரிக்கையோடு கொதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிளப்பின் பெயருக்கு முன்னால் ஒட்டவைத்திருக்கும் மூன்று எழுத்துகளை நீக்கு என்பது அவர்களது கோஷம்.

முதலாளி வேண்டும் என்றவர்களும் முதலாளியின் முத்திரை வேண்டாம் என்றவர்களும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். இந்த இரண்டு கிளப்புகளும் பிறந்தபோது அவற்றுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. மோகன் பகான் 1889இல் தொடங்கியது. 1911இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் அணியைத் தோற்கடித்து, வெள்ளையனை வெறுங்காலால் வென்ற கிளப் என்று பெயரெடுத்தது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் ஒரு மனக்கசப்பில் பிறந்தது. ஜோராபகான் அணியில் கிழக்கு வங்காளத்தவரான சைலேஷ் போஸுக்கு இடம் மறுக்கப்பட்டதும், சுரேஷ் சந்திர சௌதுரி கோபித்துக்கொண்டு வெளியேறித் தொடங்கிய கிளப் அது. தேசப் பிரிவினைக்குப் பின் வீடு வாசலை விட்டுவந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கு, இழந்த மண்ணின் பெயரைச் சத்தம்போட்டுச் சொல்லக் கிடைத்த ஓர் இடமாக அது ஆயிற்று. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று சமையல்கட்டு வரை பிரிந்துகிடக்கிறது நகரம். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இந்த இரண்டும் மோதியபோது சால்ட் லேக் ஸ்டேடியத்தில் கூடியவர்கள் சுமார் 1,31,000 பேர். பைசுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

சட்டப்படி இவை உறுப்பினர் சங்கங்கள். சந்தா கட்டும் உறுப்பினர்கள் வாக்களித்துச் செயலாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆட்டக்காரரைப் பிடிப்பது, பயிற்சியாளரை மாற்றுவது, பணம் திரட்டுவது எல்லாம் அவரும் அவரது கோஷ்டியும்தான். கிளப் அலுவலகத்துக்கு இன்றுவரை 'கூடாரம்' என்றுதான் பெயர். மைதான் ராணுவத்தின் நிலம் என்பதால், நூறாண்டு ஆனாலும் அங்கே எல்லாமே பேச்சளவில் தற்காலிகம்தான். இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 1940களின் இறுதியில் ஜே.சி. குஹா என்ற ஈஸ்ட் பெங்கால் செயலாளர்தான் தெற்கே வலைவீசி வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரை ஒன்றுசேர்த்தார். 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகள் கொண்டாடிய அந்த ஐவருமே தென்னிந்தியர்கள். எந்த மானேஜ்மெண்ட் படிப்பும் இல்லாத நிர்வாகம் செய்த காரியம் அது.

காசு விஷயத்தில்தான் அந்த நிர்வாகம் தடுமாறியது. 1998இல் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் ஒரே நேரத்தில் இரண்டு கிளப்புகளுடனும் கைகோத்தது. பரம வைரிகள் இருவருக்கும் ஒரே புரவலர். ஒன்றன் சட்டையில் கிங்ஃபிஷர், மற்றதில் மெக்டவல். எனினும் கூடாரத்தில் செயலாளரின் நாற்காலியை யாரும் அசைக்கவில்லை. கம்பெனி காசோலை தரும், கிளப் ஆட்டம் ஆடும் என்ற அளவில் வண்டி ஓடியது. 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றது இந்தக் காலத்தில்தான்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். அதில் இடம் வேண்டுமானால் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பயிற்சியாளர், மருத்துவக் குழு, கணக்குத் தணிக்கை என்று சகலமும் வேண்டியிருந்தது. 2019இல் அதுவே நாட்டின் முதல்நிலை லீக் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் ஒப்புக்கொண்ட பின், வெளியே நிற்பவர்கள் இரண்டாம்தரம் என்றாகிவிட்டது. சந்தாவிலும் டிக்கெட்டிலும் நடக்கும் காரியமல்ல இது.

முதலில் துணிந்தது ஈஸ்ட் பெங்கால். 2018 ஜூலையில் பெங்களூரின் குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்குடன் உள்ளே வந்தது. விளம்பரப் பலகையோடு திருப்தியடையும் புரவலர் அல்ல இது. ஆட்டத்தின் உரிமையே புதிய கம்பெனிக்கு மாறியது. ஸ்பெயினிலிருந்து அலெஹாந்த்ரோ மெனெண்டெஸ் பயிற்சியாளராக வந்தார். 2018-19 ஐ-லீக்கில் அணி 42 புள்ளிகள் எடுத்தது. கோயம்புத்தூரில் ஆடிவந்த சென்னை சிட்டி 43 எடுத்தது. கடைசி நாளன்று கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தும் பயனில்லை. கோவையில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்திவிட்டது. (அந்தச் சென்னை சிட்டியும் 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக்கில் இல்லாமல் போனது தனிக் கதை.)

ஒரு புள்ளியில் கோப்பை போனதைக்கூடக் கிளப் தாங்கிக்கொண்டது. தன் வீட்டிலேயே தன்னைக் கேட்காமல் காரியம் நடப்பதைத்தான் பழைய நிர்வாகிகளால் தாங்க முடியவில்லை. 2019 சூப்பர் கோப்பையில் ஆடுவதா, விலகுவதா என்பதிலேயே கம்பெனி ஒரு பக்கம், கூடாரம் ஒரு பக்கம் இழுத்தது. அணி ஆடவில்லை. 2020 ஜனவரியில் மெனெண்டெஸ் விலகினார். சில மாதங்களில் குவெஸும் மூட்டை கட்டியது.

அடுத்த மாப்பிள்ளையைத் தேடிக் கொடுத்தவர் முதலமைச்சர் மம்தா பானர்ஜி. 2020 செப்டம்பர் 2 அன்று தலைமைச் செயலகத்தில் வைத்து ஸ்ரீ சிமெண்டை அறிமுகப்படுத்தினார். இம்முறை கம்பெனிக்கு 76 சதவீதம். அக்டோபரில் லிவர்பூலின் முன்னாள் நட்சத்திரம் ராபி ஃபௌலர் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். நவம்பர் இறுதியில் முதல் ஆட்டம். அவசரத்தில் பிடித்த ஆட்களைக் கொண்டு 20 ஆட்டங்களில் மூன்றை மட்டும் வென்று, 11 அணிகளில் ஒன்பதாவது இடம்.

விவகாரம் களத்துக்கு வெளியே முற்றியது. தொடக்கத்தில் கையெழுத்தான பூர்வாங்க ஒப்பந்தம் வேறு, இறுதி ஒப்பந்தம் வேறு என்றனர் நிர்வாகிகள். கிளப் வளாகத்தின் மீதும் உறுப்பினர்களின் உரிமை மீதும் கைவைக்கிறார்கள், உறவு கசந்தால் விலகிக்கொள்ள வழியில்லை என்பது அவர்களது புகார். இரண்டும் ஒன்றுதான், கையெழுத்து வராமல் மேற்கொண்டு பணம் வராது என்றது கம்பெனி. நிர்வாகிகளின் அச்சத்தை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஐந்தாண்டில் அலுத்துப்போய் விலகக்கூடிய கம்பெனிக்கு நூறாண்டுச் சொத்தை எழுதிக்கொடுப்பதா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வி கேட்டவர்களிடம் வேறு பணமும் இல்லை, வேறு யோசனையும் இல்லை. ரசிகர்கள் வாசலுக்கு வந்தது அதனால்தான்.

ஆகஸ்டில் மீண்டும் மம்தா பஞ்சாயத்து செய்தார். இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே, ஒரு பருவம் ஆடிவிடுவது என்று முடிவாயிற்று. பாதி மனசோடு கட்டிய அணி 2021-22இல் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி பெற்றுக் கடைசி இடத்தில் வந்து நின்றது. 2022இல் ஸ்ரீ சிமெண்ட் ஆட்ட உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இமாமி வந்தது. நான்கு ஆண்டுகளில் மூன்றாவது முதலாளி.

மோகன் பகான் இதையெல்லாம் வேறு விதமாகச் செய்தது. 2020 ஜனவரியில் சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்துக்கு 80 சதவீதம் தருவதாக அறிவித்தது. அக்குழுமத்திடம் ஏற்கெனவே ஏ.டி.கே. என்ற சூப்பர் லீக் அணி இருந்தது. அணியோடு அணி இணைந்தது. அந்த மார்ச்சில் நான்கு சுற்றுகள் மீதமிருக்கும்போதே மோகன் பகானுக்கு ஐ-லீக் பட்டத்தை வாங்கித்தந்தவர் பயிற்சியாளர் கிபு விகுன்யா. இணைப்புக்குப் பின் அவருக்கு இடமில்லை. ஏ.டி.கே.யின் அன்டோனியோ ஹபாஸ்தான் பயிற்சியாளர். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரும் அங்கிருந்து வந்தவர்களே. பச்சை-மெரூன் சட்டையும் பாய்மரப் படகுச் சின்னமும் தப்பின. பெயர் மட்டும் ஏ.டி.கே. மோகன் பகான் ஆயிற்று.

1911இன் வாரிசுகளுக்கு, 2014இல் பிறந்த ஒரு வியாபார அணியின் பெயர் தங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது பொறுக்கவில்லை. கம்பெனி மூன்று பருவம் மசியவில்லை. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் பெங்களூரு அணியைப் பெனால்டியில் வென்று கோப்பையைக் கையில் ஏந்திய இரவில் கோயங்கா அறிவித்தார்: இனி மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்ஸ். ரசிகர்கள் ஆனந்தக் கூத்தாடினர். சூப்பர் ஜயண்ட்ஸ் என்பதும் கோயங்காவின் லக்னோ கிரிக்கெட் அணியின் பெயர்தான் என்பதை அன்று யாரும் பெரிதுபடுத்தவில்லை. முன்னால் இருந்த முத்திரை பின்னால் போயிற்று, அவ்வளவுதான். 2024-25இல் லீக் கேடயம், கோப்பை இரண்டையும் அணி வென்றது.

ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2024 ஜனவரி 28 அன்று புவனேஸ்வரில் கார்லெஸ் குவாத்ராத்தின் பயிற்சியில் ஒடிசாவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று சூப்பர் கோப்பையைத் தூக்கியபோது, தேசியக் கோப்பைக்கான 12 ஆண்டுத் தாகம் தீர்ந்தது. எட்டு மாதத்தில் குவாத்ராத் போய்விட்டார். லீக்கில் 2022-23, 2023-24, 2024-25 என்று இமாமியின் முதல் மூன்று பருவங்களிலும் அதே ஒன்பதாவது இடம். இந்த வரிசையில் மூன்றாவதான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் நிலை இன்னும் மோசம். 2024-25இல் சூப்பர் லீக்கில் நுழைந்த முதல் பருவத்திலேயே, முதலீட்டாளர்களின் பங்குத் தகராறுக்கு நடுவே ஆட்டக்காரர்கள் சம்பளப் பாக்கிக்காகப் பயிற்சியைப் புறக்கணித்தார்கள்.

கூடாரங்களில் அரசியல் மட்டும் ஓயவில்லை. கால்பந்து அணியில் 20 சதவீதம் மட்டுமே கைவசம் இருக்கும் மோகன் பகான் கிளப்பில் 2025இல் செயலாளர் பதவிக்கு இரண்டு கோஷ்டிகள் மோதின. ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பிரசாரம் சூடுபிடித்தது. கடைசியில் சமரசமாகி, ஒருவருக்குச் செயலாளர் பதவி, மற்றவருக்குத் தலைவர் பதவி என்று பிரித்துக்கொண்டார்கள். வாக்கெடுப்பு நடக்கவில்லை.