கண்ணாடி வீட்டில் நுண்ணங்கிக் காவல்

குளிர் மிகுந்த நாடுகளிலே பனிக்காலத்தும் மரக்கறி விளைவித்தற்கு மக்கள் கண்ட வழி கண்ணாடி வீடாகும். புறத்தே உறைபனி நிற்க, அகத்தே தக்காளியும் வெள்ளரியும் காய்க்கின்றன. ஆயின் பயிருக்கு இதந்தரும் வெம்மையும் ஈரமும் பங்கசுகளுக்கும் இதந்தருவனவே. காற்றோட்டங் குன்றிய அவ்விடத்தில் ஒரு செடியில் தோன்றிய சாம்பற் பூசணம் விரைவில் வரிசை முழுவதையும் பற்றும். ஒரே பயிரை ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் இடுவதால் வேரழுகற் பங்கசுகளும் மண்ணிற் பெருகுகின்றன.

இதற்கு நச்சுமருந்தே பரிகாரமெனப் பலர் கருதினர். 1960களின் இறுதியில் பெனோமில் என்னும் மருந்து வந்தபோது அந்நம்பிக்கை வலுத்தது. ஆனாற் சில ஆண்டுகளுள் அம்மருந்துக்கு அடங்காத சாம்பற் பூசண வகைகள் தோன்றிவிட்டன. மருந்து எளியவற்றைக் கொன்று, வலியவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. மண்ணை நீராவியால் அவித்தலும் குறையற்றதன்று. தீயனவற்றோடு நல்லனவும் அழிதலின், பின்னர்ப் புகும் நோய்ப் பங்கசு தடுப்பாரின்றிப் பரவும். உயிரற்ற மண் காவலுள்ள மண் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

மண்ணில் இயல்பாகவே அக்காவல் உண்டென்பதை 1932 இல் றிச்சாட் வைன்ட்லிங் என்னும் அறிஞர் காட்டினார். ரைக்கோடேமா என்னும் பசும்பூசணத்தின் இழைகள், நாற்றழுகலை உண்டாக்கும் ரைசொக்ரோனியாவின் இழைகளைச் சுற்றிப் பிணித்து அழிப்பதை அவர் கண்டார். அப்பூசணத்தின் செயல்தான் யாது? கைற்றினைச் சிதைக்கும் நொதியங்களைச் சுரந்து பகைவனின் சுவரைக் கரைக்கின்றது. வேரருகே இடத்தையும் உணவையும் முந்திக் கவர்கின்றது. செடியின் இயற்கைத் தற்காப்பையும் தூண்டுகின்றது. இலையிலும் பூவிலும் தெளித்துச் சாம்பற் பூசணத்தைத் தடுத்தற்கும் அதன் வகையொன்று இசுரவேலிற் பயன்படுத்தப்பட்டது.

பின்லாந்தின் வரலாறு மற்றுமோர் எடுத்துக்காட்டு. சதுப்பு நிலத்துப் பாசி மக்கி உண்டாகும் பீற் என்னும் பொருளில் அங்கே நாற்றுகள் வளர்க்கப்படும். வெளிறிய நிறமுடைய பீற்றில் நோய் அடங்கியிருந்தமையை றிஸ்ரோ தாவொனென் ஆராய்ந்து 1982 இல் வெளியிட்டார். அதனுள் வாழும் ஸ்ரெப்ரோமைசீஸ் இனத்து நுண்ணங்கிகளே அதற்குக் காரணமெனப் புலனாயிற்று. அவற்றுள் ஒன்று பிரித்து வளர்க்கப்பட்டுப் பொடியாகச் சந்தைக்கும் வந்தது.

எனினும் இக்காவலர் உயிருள்ளோர் என்பதை மறத்தலாகாது. மண் மிகக் குளிர்ந்தால் ரைக்கோடேமா மந்தமுறும். பெனோமில் போன்ற மருந்தோடு சேர்ப்பின் தானே மடியும். வெம்மையும் ஈரமும் மனிதன் கைக்குள் அடங்கிய கண்ணாடி வீடு, திறந்த வயலினும் இவற்றுக்கு ஏற்ற இடமாகும். ஆயினும் நோயுற்ற இலைகளை அகற்றலும் காற்றோட்டம் பேணலும் தவிர்க்கத் தகாதன. நோய் முற்றியபின் இடும் நுண்ணங்கியாற் பயன் சிறிதே. விதைக்கும்போதோ நடும்போதோ இடின் அது வேரைப் பகைவனுக்கு முன்னரே பற்றிக்கொள்ளும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டுமென்னும் முதுமொழி இங்கும் பொருந்துவதாகும்.