கைத்தொழிலாளரின் உரிமையும் வாங்குவோரின் கடமையும்
பத்தமடைப் பாயை முன்வைத்துச் சில ஃபிக்ஹ் சிந்தனைகள்

ஒருவர் தம் கைகளால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், இறைத்தூதர் தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பையே உண்டு வாழ்ந்தார்கள் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் நபிமொழி இது. ஆனால், உழைப்போரின் சிறப்பைப் பேசும் அளவுக்கு, உழைப்பால் உருவான பொருளை வாங்குவோரின் கடமையை நாம் பேசுவதில்லை. அக்கடமை ஃபிக்ஹ் நூல்களின் வணிகவியல் பாடங்களில் விரிவாகவே கூறப்பட்டுள்ளது. கைவினைஞரை ஆதரித்தல் என்பதை இரக்கத்தின்பாற்பட்ட செயலாகவே பலர் கருதுகின்றனர். ஷரீஅத் அதனை முதலில் உரிமை சார்ந்த விஷயமாகவே பார்க்கிறது. நமக்கு மிக அருகில் உள்ள ஒரு கைத்தொழிலை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

பாயும் நபிவழியும்

பாய் நம் மார்க்க வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில், நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போயிருந்த ஒரு பாயின் மீது நீர் தெளிக்கப்பட்டு, அதில் நின்று நபி (ஸல்) அவர்கள் தொழுவித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. பேரீச்ச ஓலையால் முடைந்த 'கும்ரா' எனும் சிறு விரிப்பில் அவர்கள் தொழுததை அன்னை மைமூனா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

கையால் நெய்த பொருளை நபி (ஸல்) அவர்கள் ஏற்ற முறைக்கும் ஒரு சான்று உண்டு. ஒரு பெண்மணி கரையிட்ட போர்வை ஒன்றைக் கொணர்ந்து, தாங்கள் அணிவதற்காக என் கையாலேயே இதனை நெய்தேன் என்று கூறி அளித்தார். தேவை இருந்த நிலையில் நபியவர்கள் அதனைப் பெற்று, அதையே அணிந்து மக்களிடையே வந்தார்கள் என ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிப்பதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். நெய்தவரின் நோக்கம் அப்பொருள் பயன்பட வேண்டும் என்பது. அந்நோக்கம் உடனே நிறைவேற்றப்பட்டது.

பத்தமடையின் கோரை

திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அண்மையில் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் அமைந்த ஊர் பத்தமடை. இங்குப் பாய் நெய்வோர் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர். இன்று தறியில் அமர்வோரில் பெண்களே மிகுதி.

ஆற்றங்கரையிலும் ஈர நிலங்களிலும் வளரும் கோரை, பசுமையாக இருக்கும்போதே அறுக்கப்படுகிறது. ஒவ்வொரு தண்டும் நெடுக்காகக் கீறப்பட்டு, உள்ளிருக்கும் சோறு நீக்கப்படுகிறது. வெயிலில் உலர்த்திய பின் ஓடும் நீரில் பல நாட்கள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மேலும் மெல்லியதாகக் கிழித்துச் சாயம் ஏற்றுகின்றனர். தரையோடு தரையாக அமைந்த தறியில் நூல் பாவாகவும் கோரை ஊடையாகவும் இணைகின்றன. பாவு நூல் எவ்வளவு நெருக்கமோ, கோரை எவ்வளவு மெலிதோ, அவ்வளவுக்குப் பாயின் நயம் கூடும். முரட்டுப் பாயை ஓரிரு நாளில் நெய்துவிடலாம். துணிபோல மடங்கும் மெல்லிய பாய்க்கு வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து திருமணத்துக்கு அளிக்கும் வழக்கம் சமய வேறுபாடின்றித் தமிழகத்தில் இருந்து வருகிறது.

இதன் மெல்லிய வகைக்குப் 'பட்டுப்பாய்' என்னும் பெயர் வழங்குவதால், ஆண்கள் இதில் அமரலாமா எனச் சிலர் வினவுவதுண்டு. பட்டில் அமர்வது பற்றி நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், இங்கு அச்சிக்கலே பெரும்பாலும் எழுவதில்லை. பட்டுப்போன்ற மென்மையால் வந்த பெயர் அது. பாவு பெரும்பாலும் பருத்தி நூலே. பாவில் பட்டு நூலைக் கோத்தாலும் ஊடை கோரையாகவே இருக்கும். பாவு பட்டாகவும் ஊடை வேறொன்றாகவும் உள்ள துணியை ஹனஃபி ஃபிக்ஹ் அனுமதிக்கிறது. எடையில் எது மிகுதி என்று ஷாஃபிஈ ஃபிக்ஹ் பார்க்கிறது. கோரைப் பாயில் எடை மிகுந்தது கோரைதான்.

இத்தொழில் இன்று நலிந்துள்ளது. நெகிழிப் பாய் மலிவாகக் கிடைக்கிறது. கழுவினால் உடனே உலர்ந்துவிடுகிறது. மின்தறியில் நெய்த கோரைப் பாய்களும் சந்தைக்கு வந்துவிட்டன. பத்தமடைப் பாய், 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற பொருள்தான். ஆனால், அச்சட்டம் பெயரைத்தான் காக்கும். வாங்குவோரைக் கொண்டுவருவதோ, நெய்தவருக்கு உரிய விலையைப் பெற்றுத்தருவதோ அதன் பணியன்று.

ஒரு தொழிலுக்குத் தேவை பெருகினால் அது செம்மையுறும், தேவை அற்றால் கைவிடப்படும் என்று இப்னு கல்தூன் (மறைவு ஹிஜ்ரி 808 / கி.பி. 1406) தம் முகத்திமாவில் விளக்குகிறார். தொழில்திறனை அவர் 'மலகா' என்கிறார். மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்திலும் கையிலும் ஊறிப்போகும் ஆற்றல் என்பது இதன் பொருள். நூலில் எழுதிவைத்து அதனைப் பிற்காலத்துக்குக் கடத்த இயலாது. தாயிடமிருந்து மகள் கற்காமற்போனால் அத்தலைமுறையோடு அது முடிந்துவிடும்.

ஸல்மான் (ரலி) அவர்களின் கணக்கு

நியாய விலை எது? இதற்கு ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களின் வாழ்வில் ஒரு தெளிவான அளவுகோல் இருக்கிறது. மதாயின் நகரின் ஆளுநராக இருந்தபோதும் அவர்கள் ஓலை முடைந்தே உண்டார்கள். ஒரு திர்ஹமுக்கு ஓலை வாங்கி, முடைந்து, மூன்று திர்ஹமுக்கு விற்பார்கள். ஒரு திர்ஹம் மீண்டும் ஓலைக்கு, ஒரு திர்ஹம் குடும்பத்துக்கு, ஒரு திர்ஹம் தர்மத்துக்கு என்று அவர்களே கணக்குக் கூறியதாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன.

இக்கணக்கில் மூன்று கூறுகள் உள்ளன: முதல் திரும்ப வேண்டும், குடும்பம் உண்ண வேண்டும், பிறருக்கு வழங்கவும் ஏதேனும் எஞ்ச வேண்டும். இன்று கைவினைஞர் பலருக்குக் கிடைக்கும் விலையில் முதற்கூறு மட்டுமே முழுமையாகத் தேறுகிறது. இரண்டாவது அரைகுறையாகத் தேறுகிறது. மூன்றாவது இல்லவே இல்லை. உழைப்பவரை தர்மம் வழங்கும் நிலையிலிருந்து தர்மம் பெறும் நிலைக்குத் தள்ளும் விலையை, இருவரும் ஒப்புக்கொண்ட விலை என்ற ஒரே காரணத்தால் நியாய விலை என்று கூறிவிட முடியுமா?

பொருளைக் குறைத்தல்

ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமுதாயத்தாரிடம், அளவையும் நிறுவையையும் நிறைவாக்குமாறு ஏவியதோடு, மக்களுக்குரிய பொருட்களைக் குறைத்துவிட வேண்டாம் என்றும் எச்சரித்ததைத் திருக்குர்ஆன் 7:85, 11:85, 26:183 ஆகிய மூன்று இடங்களில் எடுத்துரைக்கிறது. அங்கு ஆளப்பட்டுள்ள 'பக்ஸ்' என்னும் சொல்லுக்கு விளக்கம் தரும் இமாம் குர்துபீ (மறைவு ஹிஜ்ரி 671 / கி.பி. 1273), பொருளில் குறை கற்பிப்பதும், அதன்மீது விருப்பமில்லாதது போலக் காட்டுவதும், மதிப்பு விஷயத்தில் ஏமாற்றுவதும் இதில் அடங்கும் என்கிறார். பேரம் பேசுதல் தன்னளவில் ஆகுமானதே. ஆயின், நெய்தவரின் முன்னேயே அவர் பாயை இழித்துக் கூறி விலையைக் குறைப்பது எத்தகையது என்பதை இவ்விளக்கம் காட்டிவிடுகிறது.

இதற்கு நேரெதிரான முன்மாதிரியும் உண்டு. ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹமுக்கு ஒரு குதிரையை விலை பேசினார். குதிரையின் மதிப்பு அதனினும் அதிகம் என்று ஜரீர் (ரலி) அவர்களே விற்பவரிடம் கூறி, படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் தாம் உறுதிமொழி அளித்திருப்பதே காரணம் என்றார்கள். இமாம் நவவீ தம் முஸ்லிம் விரிவுரையில் இதனை எடுத்துரைக்கிறார்.

கைத்தொழில் வணிகத்தில் இன்று காணப்படும் மூன்று வழக்கங்களை ஹதீஸ்களின் ஒளியில் பார்ப்பது தகும்.

முதலாவது, சந்தை விலையறியாத உற்பத்தியாளரிடம் வீடு தேடிச் சென்று அடிமாட்டு விலைக்கு வாங்குதல். சரக்குக் கொண்டுவருவோரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை உடையவர் என ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. விலையறியாதவருக்கு நேரும் தீங்கே இத்தடையின் காரணங்களில் முதன்மையானது என ஃபுகஹாக்கள் கூறுவர். அத்தீங்கு இங்கும் இருக்கிறது.

இரண்டாவது, கடன் கொடுத்துவிட்டு, பொருளைத் தமக்கே, தாம் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும் என்று கட்டுப்படுத்துதல். கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பது ஆகாது என்னும் நபிமொழி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது. கடன் பெயரளவில் வட்டியற்றதாக இருந்தாலும், குறைக்கப்பட்ட விலைக்குள் வட்டி ஒளிந்துகொள்கிறது.

மூன்றாவது, இயந்திரத்தில் செய்ததைக் கைவேலை என்று விற்றல். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. இதில் வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார். கையால் நெய்தவரோ தம் சந்தையையே இழக்கிறார்.

இவற்றைக் கூறுவதால் இடைநிலை வணிகர் அனைவரையும் குறை கூறுவதாகக் கொள்ள வேண்டா. சரக்கைத் தொலைவூர்களுக்குக் கொண்டுசென்று, விற்காமல் தேங்கும் இழப்பையும் ஏற்கும் வணிகரின் இலாபம் ஹலாலானது. அவரில்லாமல் பல கைத்தொழில்கள் ஊரெல்லையைத் தாண்டியே இராது.

ஒப்பந்த முறைகள்

கைவினைஞருக்கு மிகவும் இடர் தருவது, விற்குமா விற்காதா என்று தெரியாமல் பொருள் செய்வது. இதற்கு ஃபிக்ஹ் மூன்று வழிகளைக் காட்டுகிறது.

கோரையும் நூலும் கொடுத்து நெய்து தரச் சொன்னால் அது 'இஜாரா'. கூலி முன்கூட்டியே தெளிவாகப் பேசப்பட வேண்டும். வேலை முடிந்ததும் கொடுக்கப்பட வேண்டும். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்த ஹதீஸ் குத்ஸீ இங்கு நினைவுகூரத்தக்கது.

நீளம், அகலம், நயம், ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை வரையறுத்து, முழு விலையையும் ஒப்பந்த அமர்விலேயே கொடுத்துவிட்டால் அது 'ஸலம்'. இதில் கொடுப்பது கடனன்று, பொருளின் விலை. ஆகவே மேற்கூறிய பிணைப்பு இதில் இல்லை. நெய்பவருக்கு முதல் கையில் கிடைத்துவிடுகிறது.

மூலப்பொருளும் உழைப்பும் செய்பவருடையதாக இருக்க, குறிப்பிட்ட அமைப்பில் செய்து தருமாறு கேட்பது 'இஸ்திஸ்னாஉ'. நபி (ஸல்) அவர்கள் ஒரு பெண்மணியிடம் ஆளனுப்பி, அவருடைய தச்சுப் பணியாளைக் கொண்டு மிம்பர் செய்யச் சொன்ன நிகழ்ச்சியை ஹனஃபி ஃபுகஹாக்கள் இதற்குச் சான்றாகக் கொள்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கும் ஸலமின் நிபந்தனைகளே பொருந்தும். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1992-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய ஏழாவது அமர்வில், நிபந்தனைகள் நிறைவேறுமாயின் இவ்வொப்பந்தம் இருதரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும், விலையைத் தவணைகளாகவும் கொடுக்கலாம் என்றும் தீர்மானித்தது. வாங்குபவர் வாக்கு மாறினால் பெயர் நெய்த பாயை வேறு எவருக்கும் விற்க இயலாத நெசவாளருக்கு இத்தீர்மானம் பெரும் பாதுகாப்பு.

ஸகாத் வேறு, விலை வேறு

வறிய கைவினைஞருக்கு ஸகாத்தில் பங்குண்டு. அவருடைய தொழிற்கருவிகளை வாங்கப் போதுமான தொகையை, அது குறைவாயினும் நிறைவாயினும், ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676 / கி.பி. 1277) தம் மஜ்மூஃ நூலில் எழுதுகிறார்கள். நம் ஊர் பைத்துல்மால்கள், ஆண்டுக்கொருமுறை அரிசியும் துணியும் வழங்குவதோடு நில்லாமல், தறியும் கோரையும் நூலும் வாங்கித்தர இதுவே வழிகாட்டும். ஆனால், விலையில் குறைத்ததை ஸகாத்தில் ஈடுசெய்துவிடலாம் என எண்ணுவது தவறு. விலை அவருடைய உரிமை. உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டு தர்மம் செய்தல் ஆகாது.

கையால் நெய்த பாய் விலை மிகுந்தது, இது வீண்விரயமாகாதா என்ற வினாவுக்கும் விடை கூற வேண்டும். இயலாதவர் மலிவான பாயை வாங்குவதில் குற்றமேதுமில்லை. பெருமைக்காக வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது விரயமே. பயன்படுத்துவதற்காக, இயன்றவர், உழைப்புக்குரிய விலையைக் கொடுப்பது விரயமன்று. ஒரு நாள் திருமணத்தில் மின்விளக்குக்கும் மேடை அலங்காரத்துக்கும் தயங்காது செலவிடுவோர், பாய் என்றதும் சிக்கனத்தை நினைவுகூர்வதுதான் சிந்திக்கத்தக்கது.

சமுதாயம் செய்யத்தக்கவை

நெசவு, விவசாயம், தையல் முதலியவற்றை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள் இமாம் கஸ்ஸாலீ (மறைவு ஹிஜ்ரி 505 / கி.பி. 1111). சமுதாயத்தில் எவருமே செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். முன்னோர்கள் கைத்தொழிலை இழிவாகக் கருதவில்லை. கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர், ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச்சாந்து வேலை செய்பவர், கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். நாம் பாடமாக ஓதும் மாபெரும் ஃபுகஹாக்களின் பெயர்கள் இவை. கஃப்பால் மர்வஸீ (மறைவு ஹிஜ்ரி 417 / கி.பி. 1026) முப்பது வயதுவரை பூட்டுச் செய்து வந்தவர், பின்னரே கல்வியில் இறங்கினார்.

செய்யத்தக்கவை எளியவையே. பள்ளிவாசல் நிர்வாகங்கள், விரிப்பு மாற்றும்போது ஒரு பகுதிக்கேனும் கைநெசவுப் பாயை முன்கூட்டியே இஸ்திஸ்னாஉ முறையில் கேட்கலாம். மதரஸாக்கள் பரிசளிப்பு விழாக்களில் கண்ணாடிக் கேடயங்களுக்குப் பதிலாகத் தொழுகைப் பாய்களை வழங்கலாம். திருமண வீட்டார் சில மாதங்களுக்கு முன்பே நேரில் சொல்லி, முன்பணம் கொடுத்து, பேசிய நாளில் பேசிய தொகையைக் குறையின்றிக் கொடுக்கலாம். ஜமாஅத்துகள், பல குடும்பங்களின் தேவையைத் திரட்டி ஒரே ஒப்பந்தமாக்கினால் நெசவாளர்களுக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கும். வேலை நிச்சயம் என்று தெரிந்தால்தான் மகளைத் தறியில் அமர்த்தத் தாய்க்கு மனம் வரும்.

கையால் உழைத்து உண்போரின் உரிமையை உரிய முறையில் நிறைவேற்றும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.